பேய்ச்சியும் பேச்சியம்மனும்



சில வாரங்களுக்கு முன்னர் உயர்தர வகுப்பிலே சிலப்பதிகாரம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். புகார் நகரத்துச் சதுக்கப் பூதத்தின் கதையைச் சொல்லி முடித்தபோது பின்வரிசை மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், அந்தப் பூதம் நல்லதா, கூடாததா?" என்று கேட்டாள். பாட நேரம் முடியும் தறுவாய். "பூதம் பூதந்தான், இரு பிள்ளை" என்று சொல்லிச் சமாளித்துவிட்டு வெளியே வந்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. படுவான்கரைக்குப் போகும் தோணியில் ஏறியவன் பாதி வாவியில் வைத்து மற்றக் கரையை நினைப்பது போல அது என்னை இழுத்துக்கொண்டே இருந்தது. இன்றைய உரை அந்த மாணவிக்குச் சொல்லத் தவறிய பதில்.

சதுக்கப் பூதம் நாற்சந்தியிலே நின்றது. கையிலே பாசக்கயிறு. பொய்த்தவம் செய்வோர், கற்பு நெறி தவறியோர், அரசனுக்கு இரண்டகம் செய்யும் அமைச்சர், பிறர்மனை நயப்போர், பொய்ச்சாட்சி சொல்வோர், புறங்கூறுவோர் ஆகிய அறுவகையினரைப் பிடித்து உண்பது அதன் தொழில். பத்தினி ஒருத்தி மீது பொய்ப்பழி சுமத்தியவன் ஒருவனை அது பிடித்துக்கொண்டது. அவனது தாய் அழுவதைக் கண்ட கோவலன், "என் உயிரை எடுத்துக்கொண்டு இவனை விடு" என்று பாசத்துக்குள் தானே புகுந்தான். பூதம் மறுத்தது. தீயவன் உயிருக்காக நல்லவன் உயிரை வாங்குவது தனக்கு முறையன்று, அது தன் மறுமையைக் கெடுக்கும் என்றது. மனிதரை அடித்து உண்ணும் ஒன்று தன் மறுமையைப் பற்றிக் கவலைப்படுகிறது! இந்தச் செய்தியை மாடலன் என்னும் மறையவன் வாய்வழியாக அடைக்கலக் காதையில் இளங்கோவடிகள் சொல்கிறார். அதற்குப் பின்பு கோவலன் அந்தத் தாயையும் அவளது சுற்றத்தாரையும் பல்லாண்டு காப்பாற்றினான். கோவலன் பொய்ப்பழியால் கொலையுண்ணப் போகும் கதையிலே, பொய்ப்பழி சொன்னவனுக்காக அவன் தன் உயிரைக் கொடுக்க வந்தான் என்று ஒரு செய்தியை முன்கூட்டியே வைத்திருப்பது கவனிக்கத்தக்கது.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்க இன்னோர் இடமும் உண்டு. மதுரை எரியும்போது அந்நகரைக் காத்து நின்ற நால்வகைப் பூதங்களும் நகரை விட்டு வெளியேறுகின்றன. அரசன் முறை தவறும் நாளில் இந்த ஊர் தீக்கு இரையாகும் என்பதைத் தாம் முன்னரே அறிந்திருந்ததாகச் சொல்லிக்கொண்டு அவை போய்விடுகின்றன. நான் மாணவனாக இருந்தபோது அழற்படு காதையின் இப்பகுதியைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணியதோடு சரி. காவல் நிற்கும் பூதமும் ஓர் ஒப்பந்தத்தின் பேரிலேயே நிற்கிறது, முறை கெட்டால் காவலும் இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இனி நேயர்களைச் சற்றுத் தொலைவுக்கு, நைல் நதிக்கரைக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். பண்டைய எகிப்தியரின் மறுவுலகத் தீர்ப்பு மண்டபத்தில் ஒரு துலாக்கோல் உண்டு. ஒரு தட்டில் இறந்தவனின் இதயம். மறுதட்டில் அறத்தின் சின்னமான இறகு. இதயம் கனத்தால், அருகே காத்திருக்கும் அம்மித் என்னும் உருவம் அதனை விழுங்கிவிடும். முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், நீர்யானையின் பின்னுடல் என்று எகிப்தியர் அஞ்சிய மூன்று விலங்குகளையும் ஒன்றாக்கி வரைந்த உருவம் அது. அம்மித் கூடாததா? பொய்யனுக்குக் கூடாதது. மெய்யனை அது தீண்டுவதில்லை. எங்கள் சதுக்கப் பூதத்துக்கு ஓர் உடன்பிறப்பு நைல் கரையிலும் இருந்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா?

எகிப்தியரின் மொழியில் 'பேய்' என்று ஒரே சொல்லாற் சுட்டத்தக்க பொதுப்பெயர் இருக்கவில்லை என்பர் அத்துறை அறிஞர். வாயில் காப்போர், தூதர், அலைவோர் என்று ஒவ்வொன்றையும் அதனதன் தொழிலால் அழைத்தனர். கிரேக்கரின் 'தைமோன்' என்ற சொல்லும் முதலில் தீயதைக் குறித்ததன்று. மனிதருக்கும் தெய்வத்துக்கும் இடைப்பட்ட ஆற்றலையே குறித்தது. கிறித்தவம் பரவிய பிறகே அது முழுக்கத் தீயதாயிற்று. எங்கள் மொழியில் நிலைமை என்ன? 'பே' என்பது அச்சப்பொருள் தரும் உரிச்சொல் என்று தொல்காப்பியர் உரியியலில் கூறுகிறார். ஆக, பேய் என்றால் அச்சம் தருவது, அவ்வளவுதான். நன்மை தீமை அந்தச் சொல்லுக்குள் இல்லை. அணங்கு, சூர் முதலிய சொற்களும் இத்தகையனவே. முருகனும் அணங்குவான், மலையும் அணங்கும், காதலியின் கண்ணும் அணங்கும். பிற்காலத்திலே வடமொழிப் 'பிசாசு' வந்து, வேதாகம மொழிபெயர்ப்பில் சாத்தானுக்கு உரிய சொல்லாகி, பேயையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விட்டது.

இடையிலே ஒன்று. எகிப்தியருக்குக் கிழக்குக்கரை வாழ்வோரின் கரை, மேற்குக்கரை இறந்தோரின் கரை. எங்கள் வாவிக்கும் எழுவான்கரை, படுவான்கரை என்று ஞாயிற்றை வைத்தே பெயர். ஆனால் எங்கள் படுவான்கரையோ நெல் விளையும் பூமி, சோறு வரும் திசை. முதலைக்குடா என்று அங்கே ஊரும் உண்டு. முதலையைத் தெய்வமாக்கிய எகிப்தியர் அந்தப் பெயரைக் கேட்டால் மகிழ்ந்திருப்பர்.

எகிப்திய வீடுகளிலே பெருந்தெய்வங்களைக் காட்டிலும் நெருக்கமாயிருந்தவை இரண்டு உருவங்கள். ஒன்று பெஸ். குள்ள உருவம், நீட்டிய நாக்கு, சிங்கப் பிடரி, பார்த்தால் சிரிப்பும் வரும், பயமும் வரும். மற்றையது தவரெற். நிமிர்ந்து நிற்கும் கர்ப்பிணி நீர்யானை. பிள்ளைப்பேற்று அறையைக் காப்பது இவ்விரண்டின் பொறுப்பு. நைல் நதியில் தோணியைக் கவிழ்த்து ஆட்களைக் கொல்லும் நீர்யானையையே கர்ப்பிணியின் காவலுக்கு நிறுத்தினார்கள். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முந்திய, நீர்யானைக் கொம்பில் செதுக்கிய வளைந்த தகடுகள் பல கிடைத்துள்ளன. அவற்றிலே இத்தகைய உருவங்கள் கையில் கத்தியுடன் வரிசையாக நிற்கின்றன. தாயையும் சேயையும் சுற்றிக் காவல்வட்டம் கீறுவதற்கு அவை பயன்பட்டிருக்கலாம் என்பர் ஆய்வாளர். இதனை வாசித்தபோது எனக்கு ஐம்படைத்தாலிதான் நினைவுக்கு வந்தது. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்னும் ஐந்து படைக்கலங்களையும் பொன்னிற் செய்து குழந்தையின் கழுத்திலே கட்டினார்கள் எம் முன்னோர். இன்றும் பஞ்சாயுதம் என்று அதனை அணிவிக்கிறோம். நடக்கத் தெரியாத பிள்ளைக்கு ஐந்து ஆயுதம்! தலைமாட்டில் பாக்குவெட்டி வைப்பதும், வாசலில் வேப்பிலை செருகுவதும், கன்னத்தில் கறுத்தப் பொட்டு வைப்பதும், நாவூறு கழிப்பதும் இதே வரிசையைச் சேர்ந்தவைதாம்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். கண்ணனுக்கு நச்சுப்பால் கொடுக்க வந்த பூதனையை ஆழ்வார்கள் 'பேய்ச்சி' என்று பாடினார்கள். பிள்ளையைக் கொல்ல வந்தவள் பேய்ச்சி. எங்கள் வாவியின் இரு கரைகளிலும் பிள்ளைகளைக் காக்கும் தெய்வமாகக் கோயில் கொண்டிருப்பவள் பேச்சியம்மன். இரண்டும் ஒரே சொல் என்பதே மொழியறிஞர் பலரின் கருத்து. தமிழ்நாட்டிலும் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் பெரியாச்சி என வணங்கப்படுபவளின் சிலையைப் பார்த்தவர்கள் ஒருதரம் திடுக்கிட்டே இருப்பார்கள். மடியிலே ஒரு பெண்ணைக் கிடத்தி வயிற்றைக் கிழித்துக்கொண்டிருப்பாள். ஒரு கையிலே பச்சைக் குழந்தையை நிலத்திற் படாமல் தூக்கிப் பிடித்திருப்பாள். அந்தச் சந்நிதிக்குத்தான் பிறந்து மாதமான குழந்தையைக் கொண்டுபோய்க் காட்டி ஆசி பெறுகிறார்கள். தென்தமிழ்நாட்டில் இயக்கி இசக்கியம்மனாகிக் கையிலே பிள்ளை ஏந்தி நிற்பதும் இத்தகையதே. நீர்யானையிடம் கர்ப்பிணியை ஒப்படைத்த எகிப்தியத் தாய்க்கு எங்கள் ஊர்த்தாய் புதிதாகச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. எது பிள்ளையைப் பறிக்க வல்லதோ அதனிடமே பிள்ளையைக் கொடுத்து, "இது உன்னுடையது, நீயே பார்" என்று சொல்லிவிடுகிறாள். இதில் பயம் உண்டு, கெட்டித்தனமும் உண்டு.

இலக்கியத்திலே இதன் உச்சம் காரைக்காலம்மையார். பேயுருவை வேண்டிப் பெற்று, தம்மைக் 'காரைக்காற் பேய்' என்றே பாடலில் முத்திரையிட்டுக்கொண்டவர். அந்தப் பேயைத்தான் இறைவன் 'அம்மையே' என்று அழைத்தான் என்கிறது பெரியபுராணம்.

கண்ணகியின் குளிர்த்தியைப் பற்றிச் சொல்லாமல் மட்டக்களப்பிலே இந்த விடயத்தைப் பேச முடியாது. ஆண்டு முழுவதும் பூட்டிக்கிடக்கும் கண்ணகையம்மன் கோயில்களின் கதவு வைகாசியில் திறக்கிறது. சடங்கு பல நாட்கள் நடந்து, கண்ணகி வழக்குரை பாடப்பட்டு, இறுதியில் குளிர்த்தி. மதுரையை எரித்த சினத்தைத் தணிக்கும் பாடல்களோடு வேப்பிலை இட்ட நீரை அள்ளி வார்ப்பார்கள். பண்டிதர் வி.சீ. கந்தையா பதிப்பித்த கண்ணகி வழக்குரையிலும் குளிர்ச்சிக்கென்றே ஒரு காதை உண்டு. அம்மை நோயும் வெம்மையும் அவள் சினம். மழையும் குளிர்ச்சியும் அவள் அருள். அனுப்புகிறவளும் அவள், எடுக்கிறவளும் அவள்.

எகிப்திலே இவளுக்கு இணை செக்மெற் என்னும் பெண் சிங்கத் தலைத் தெய்வம். முதுமையடைந்த சூரியக் கடவுள் ராவுக்கு எதிராக மனிதர் சதி செய்தனர். அவர்களை அழிக்க ரா தன் கண்ணைப் பெண்தெய்வமாக அனுப்பினான். அவள் கொன்று குவித்தாள், நிறுத்தவில்லை. அனுப்பியவனுக்கே இரக்கம் வந்துவிட்டது. செம்மண் கலந்த பியர் 7,000 சாடிகளில் தயாரித்து வயலெங்கும் ஊற்றினார்கள். இரத்தம் என்றெண்ணிக் குடித்தவள் மயங்கிச் சினம் தணிந்து திரும்பினாள். மிச்சமிருந்த மனிதர் பிழைத்தனர். 1922 இல் கண்டுபிடிக்கப்பட்ட துட்டன்காமுன் கல்லறைப் பேழையிலும் இக்கதை எழுதப்பட்டிருக்கிறது. கொள்ளை நோயை ஏவுபவள் என்று அஞ்சப்பட்ட செக்மெற்றின் பூசகர்களே எகிப்தின் மருத்துவர்களாகவும் விளங்கினர் என்பது இன்னும் சுவையானது. எங்கள் பகுதியிலும் கோயிற் கட்டாடியாரிடம் அம்மைக்கு வேப்பிலை வாங்கப் போனது அதிக காலத்துக்கு முந்திய செய்தியன்று. ஒருவரிடமிருந்து ஒருவர் இரவல் வாங்கினர் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்லி நூல் எழுதுவோர் இருக்கின்றனர். அவர்களது துணிச்சல் எனக்கில்லை. வெயில் சுடும் நாட்டிலே, நோய் வந்து போகும் ஊரிலே, மனித மனம் ஒரே மாதிரி நினைத்திருக்கிறது, அவ்வளவே.

மந்திரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மட்டக்களப்புக்குப் போகிறவர்களைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விருந்தோம்பலையும் தாய்வழிச் சீதனக் காணியையும் கண்டு திரும்பிப் போக மனமில்லாது தங்கிவிட்டவர்கள் தங்கள் வீட்டாருக்குச் சொன்ன சாட்டு அது என்பது என் எண்ணம். ஆனால் மந்திர வழக்கு எங்களிடம் வளமாக இருந்தது உண்மை. பார்வை பார்த்தல், தண்ணீர் ஓதுதல், நூல் கட்டுதல், அச்சரம் எழுதிக் கூட்டிலடைத்தல், கழிப்புக் கழித்தல் என்று அது விரியும். இவற்றிலே ஒரு பொதுத்தன்மை உண்டு. பிடித்தது எது என்று பெயர் கண்டு, அதன் பிறப்பும் ஊரும் சொல்லி, அதற்கு வேண்டிய மடையைக் கொடுத்துப் போகச் சொல்வது. எகிப்தியக் கதையொன்றிலே ஐசிஸ், ராவின் எச்சிலையும் மண்ணையும் பிசைந்து பாம்பு செய்து அவனையே கடிக்கவிட்டு, வேதனை தாங்காத அவனிடமிருந்து அவனது இரகசியப் பெயரைப் பெற்றுவிடுகிறாள். அந்தக் கதையே எகிப்திலே விசகடிக்கு மந்திரமாக ஓதப்பட்டது. பெயர் தெரியாதவரைக்குந்தான் அது பேய். பெயர் தெரிந்துவிட்டால் பேசித் தீர்க்கலாம். சிங்கள மக்களின் தொவில் சடங்கிலும் யக்குகள் வெசமுனி அரசனின் அனுமதிக்கு உட்பட்டே மனிதரை வருத்த முடியும். படையல் வாங்கியபின் விலகியே ஆக வேண்டும். சதுக்கப் பூதம் சொன்ன 'முறை' இங்கும் இருக்கிறது.

சங்க காலத்துக்குத் திரும்புகிறேன். புறநானூற்றிலே அரிசில்கிழார் பாட்டொன்று புண்பட்ட வீரன் கிடக்கும் வீட்டைக் காட்டுகிறது. வீட்டிலே இரவ மரத்தின் தழையும் வேப்பிலையும் செருகுகிறார்கள். யாழ் ஒலிக்கிறது. வெண்சிறு கடுகைத் தூவுகிறார்கள். மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, மனையெங்கும் நறும்புகை இடுகிறார்கள். பேய் அண்டாமல் காக்கும் பெண்களின் வேலை இது. மனைவி தன் கணவனின் புண்ணைப் பேய் தொடாமற் காப்பதைத் தொல்காப்பியர் தொடாக்காஞ்சி என்பார்.

அதே காஞ்சித்திணையில், அதற்குச் சற்று முன்னரே, பேய்ப்பக்கம் என்று இன்னொரு துறை வைத்திருக்கிறார். காப்பதற்குச் சுற்றத்தார் ஒருவரும் இல்லாமல் களத்திலே புண்பட்டுக் கிடக்கிறவன் ஒருவன். வேப்பிலை செருக மனைவி இல்லை, யாழ் வாசிக்க ஆளில்லை. அவனைப் பேயே காத்து நிற்கிறது! எந்தப் பேய் அண்டக்கூடாது என்று வீட்டிலே அத்தனை பாடுபட்டார்களோ, அந்தப் பேய் யாருமற்றவனுக்குக் காவலிருக்கிறது. மனிதச் சுற்றம் இல்லாத இடத்திலே அதுவே சுற்றம். தொல்காப்பியத்தை எத்தனையோ தரம் படிப்பித்திருக்கிறேன். இந்தத் துறையை நின்று வாசித்தது அந்த மாணவி கேள்வி கேட்ட பிறகுதான்.

அப்படி வாசித்தபோது பெரியம்மாவின் நினைவு வந்தது. 1990 ஆம் ஆண்டு எங்கள் பகுதியில் எத்தனை பிள்ளைகள் கொண்டுபோகப்பட்டார்கள் என்பதை இந்தக் கரையிலே வாழ்ந்த நேயர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியம்மாவின் இளைய மகனும் அதில் ஒருவர். எனக்கு அப்போது பத்து வயது. எங்கெல்லாமோ போய்க் கேட்டு, எழுதிக் கொடுத்து, காத்திருந்து, ஒன்றும் தெரியாமல் கடைசியில் பேச்சியம்மன் சடங்குக்குப் போனா. என்னையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனா. பறை முழங்கியது. தெய்வமாடிய பெண் பெரியம்மாவுக்கு முன்னால் வந்து நின்றா. "என்ட புள்ள இருக்கானா, தாயே?" என்று பெரியம்மா கேட்டா. அந்தப் பெண் உடனே வாக்குச் சொல்லவில்லை. நிலத்தில் விழுந்து, இரண்டு கையையும் பின்னால் கட்டியது போல வைத்துக்கொண்டு அழுதா. வெகுநேரம் அழுதா. பிறகு எழுந்து பெரியம்மாவின் தலையில் வேப்பிலையால் தடவி, "அவன் என்ட காவல்ல இருக்கான்" என்று மட்டும் சொன்னா.

உயிரோடு என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பெரியம்மா அதற்குமேல் கேட்கவுமில்லை.

பற்றீசியா லோறன்ஸ் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் தொண்ணூறுகளில் மட்டக்களப்பிலே தங்கி, அம்மன் கோயில்களில் தெய்வமாடுவோரைப் பற்றி ஆராய்ந்திருக்கிறார். வெளியே சொல்ல முடியாத துயரம் அவர்களது உடலிலும் வாக்கிலும் வெளிப்பட்டதை அவர் எழுதியுள்ளார். அதைப் பிற்காலத்தில் வாசித்தபோது, நான் கண்டதும் அதுதான் என்று விளங்கிற்று. பேச்சி என்ற பெயர் 'பேச்சு' என்பதிலிருந்து வந்தது என்று எங்கள் ஊர் முதியவர்கள் சொல்வார்கள். சொல்லிலக்கணப்படி அது நிற்காது என்று பட்டதாரி மிடுக்கோடு நான் அவர்களைத் திருத்தியிருக்கிறேன். யாரும் வாய் திறக்க அஞ்சிய ஆண்டுகளில் பேசியவள் அவள் ஒருத்திதான் என்பதை அப்போது நான் எண்ணிப் பார்க்கவில்லை. இலக்கணம் இப்போதும் என் பக்கந்தான்.

இன்று பல இடங்களில் இந்தக் கோயில்கள் கோபுரம் பெறுகின்றன, நல்லது. கூடவே பெயரும் மாறுகிறது. பேச்சி என்றால் மதிப்புக் குறைவு என்று வேறு அழகான பெயர்களைச் சூட்டுகிறார்கள். பறை வெளியே போகிறது, ஒலிபெருக்கி உள்ளே வருகிறது. ஆகமத்தோடு எனக்குப் பகையில்லை, நான் சைவன். ஆனால் பேச்சி என்ற பெயரை அழித்துவிட்டால் ஆழ்வாரின் பேய்ச்சியும் காரைக்காற்பேயும் தொல்காப்பியரின் பேய்ப்பக்கமும் எங்கள் பிள்ளைகளுக்கு வெறும் பரீட்சைச் சொற்களாகிப் போகும். பெயர்ப்பலகை எழுதுமுன் கோயில் நிருவாகத்தார் இதனை ஒருதரம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

அந்த மாணவியிடம் அடுத்த கிழமை போய், பேய்ப்பக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரித்தாள். "எங்கட அம்மம்மா பேச்சிக்கு மடை வைக்கிறவ, சேர். அவவுக்கு இது தெரியும்" என்றாள். அம்மம்மா பாடும் பாடல்களை எழுதிக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். கொப்பி ஒன்றில் பாதி நிரம்பியிருக்கிறதாம். அம்மம்மா சடங்குக் காலத்தில் தவிர வேறு நேரத்தில் சில பாடல்களைச் சொல்ல மறுக்கிறாவாம். ஆகவே மீதிக்கு அடுத்த சடங்குவரை காத்திருக்க வேண்டும்.